நம்ம கோயில் பிள்ளைகள் முகாம்: நின்று போன கதையும் மறுபடி நடந்த கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க.

டிசம்பர் கடைசி வாரத்தில் நம்ம கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கான சமய முகாம் நடந்தது. 3 இரவு, 4 பகல். படங்களைப் பார்த்துவிட்டு நிறைய பேர் வாழ்த்துச் சொன்னீர்கள், எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி. ஆனால் இந்தப் பதிவு படங்களைப் பற்றியது இல்லை.

கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "அங்கிள், இந்தக் கேம்ப்ப யாரு ஆரம்பிச்சா? எப்போ?" சோறு, சாம்பார், கூட்டு, மோர் என்று நாங்கள் நாலு பேர் பரிமாறிக்கொண்டிருந்தோம். நாலு பேரும் நாலு வருஷம் சொன்னோம். ஒருத்தர் 1993 என்றார், ஒருத்தர் 1997 என்றார். பையன் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்களுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக நடத்தினோம் என்று மேடையில் பேசுகிறோம், ஆரம்பித்த வருஷம்கூட எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இப்போதாவது எழுதி வைக்கிறோம்.

முதலில் முகாமுக்கு முந்திய காலத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் முகாம் ஏன் வந்தது என்று புரியாது.

எங்களில் பாதிப் பேர் செபராங் பிறை, கெடா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டத்தில் எங்களுக்கு யாரும் சமய வகுப்பு நடத்தவில்லை. நடத்தத் தேவையும் இல்லை. லயத்துக்குப் பின்னாலேயே மாரியம்மன் கோயில். சில தோட்டங்களில் இராம பஜனை மடமும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தால் போய் நிற்க வேண்டியதுதான். திருவிழா வந்தால் தோரணம் கட்டுவது, தண்ணீர் தூக்குவது, தீபத்துக்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. கும்பம் ஏன் வைக்கிறார்கள், கொடி ஏன் ஏற்றுகிறார்கள் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பெரியவர்கள் பக்கத்திலேயே நின்றதால் தானாகவே ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக்காவது சட்டம் இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். ரப்பர் கொட்டகைக்குப் பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளிகள் வந்தது அப்படித்தான். ஆனால் சமயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இன்றைக்கும் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. நன்னெறிக் கல்வி நல்ல பாடம்தான். ஆனால் அதில் திருநீறு ஏன் பூசுகிறோம் என்று சொல்லித் தர மாட்டார்கள். அது வீட்டிலும் கோயிலிலும்தான் நடக்க வேண்டும்.

பிறகு தோட்டம் உடைந்தது. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அப்புறம் செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். இந்தப் பக்கம் 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்தது. பிறையிலும் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. எங்கள் அக்காமார்கள் பால் வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். நாங்களும் பள்ளி முடித்த கையோடு அதே பஸ்ஸில் ஏறியவர்கள்தான். சம்பளம் கூடியது, தாமானில் வீடு வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம், அந்த வேலைதான் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் ஷிப்ட் வேலையும் கூடவே வந்தது. அப்பா காலை ஷிப்ட், அம்மா ராத்திரி ஷிப்ட். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருத்தர் வேலையில் இருப்பார். கோயில் பக்கத்து லயத்தில் இல்லை, 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பக்கத்தில் நின்று ஒட்டிக்கொள்கிற கல்வி அங்கேயே அறுந்துபோனது.

பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சமயம் சொல்லித் தருவது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1848-ல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் முதலில் கிறிஸ்துவ மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே வேலையும் பார்த்தவர். பைபிள் தமிழ் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர். அவர்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாகச் சொல்லித் தந்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அதே முறையில் நம் பிள்ளைகளுக்குச் சைவ வினாவிடை எழுதினார், பாலபாடம் எழுதினார். ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸிலும் வேலைக்கு மலாயா வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் அந்தப் படிப்பையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

முகாம் என்கிற வடிவமும் அப்படித்தான். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சில நாள் தங்கவைத்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து வேலை செய்து பழக்குவது மேல்நாட்டில் வளர்ந்த பழக்கம். 1885-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சம்னர் டட்லி என்பவர் கிறிஸ்துவ இளைஞர் சங்கத்துப் பையன்கள் சிலரை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் போட்டார். 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் சாரணர் முகாமைச் சோதித்துப் பார்த்தார். அடுத்த வருஷமே சாரணர் இயக்கம் மலாயாவுக்கு வந்துவிட்டது. நம்ம தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள் எத்தனையோ பேர் அதில் பழகியவர்கள். அடுத்த வீட்டுச் சட்டி நல்ல சட்டியாக இருந்தால் அதில் நம்ம சோறு வடிப்பதில் தப்பே இல்லை.

டட்லி 1897-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரை வைத்த அந்த முகாம் இன்னும் நடக்கிறது. ஆரம்பித்தவர் 12 வருஷம்தான் இருந்தார், முகாம் 100 வருஷம் தாண்டிவிட்டது. இதைத் தேடி எடுத்துக் கொடுத்தது நம்ம பிள்ளைகளில் ஒருத்தி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இனி நம்ம கதை. நம்ம முகாமை ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பெயர் போட வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். பழையவர்களுக்கு "வாத்தியார் ஐயா" என்றால் போதும். அவரும் சாரணர் ஆசிரியராக இருந்தவர். ஒருநாள் கோயில் செயலவைக் கூட்டத்தில் எழுந்து, "திருவிழாவுக்கு 3 நாள் சமைக்கிறோமே, பிள்ளைகளுக்கு 3 நாள் சமைக்க முடியாதா?" என்று கேட்டார். யாராலும் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

எந்த வருஷம் என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. பையன் கேட்ட பிறகு கோயில் ஸ்டோரில் தேடினோம். பழைய உபயக் கணக்குப் பெட்டியில் அரிசிக் கடை ரசீது ஒன்று இருந்தது. பின்பக்கம் வாத்தியார் ஐயா கையெழுத்தில் "பிள்ளைகள் முகாம், முதல் ஆண்டு" என்று எழுதியிருந்தது. முன்பக்கத் தேதி 1995 டிசம்பர். ஆகவே எங்கள் நாலு பேர் சொன்னதும் தப்பு.

முதல் வருஷம் வந்தவர்கள் 31 பிள்ளைகள். கட்டணம் கிடையாது, ஆளுக்கு ஒரு பாயும் தலையணையும் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். மண்டபத்தில் பையன்கள், மேல்மாடி வகுப்பறையில் பெண்பிள்ளைகள். டிசம்பர் என்றால் மார்கழி. விடியற்காலை 5 மணிக்கு எழுப்பிக் குளிக்க வைத்துத் திருவெம்பாவை பாட வைப்பார். முதல் நாள் பாதிப் பிள்ளைகள் தூணில் சாய்ந்து தூங்கும். மூன்றாம் நாள் அதே பிள்ளைகள் எங்களை எழுப்பும். பசியாறியதும் வகுப்பு, மத்தியானம் கோயில் வேலை, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி கதை. மடப்பள்ளியைக் கழுவுவது, பூ தொடுப்பது, சுவாமி பாத்திரம் துலக்குவது எல்லாம் முறை வைத்துச் செய்ய வேண்டும். தோட்டத்தில் தானாக ஒட்டிக்கொண்டதை 4 நாளில் ஒட்ட வைக்கப் பார்த்தார் என்றுதான் இப்போது எங்களுக்குப் புரிகிறது.

நன்றாகத்தான் நடந்தது. ஒரு காலத்தில் 80 பிள்ளைகளுக்கு மேல் வந்து இடம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்கு நம்ம பிள்ளைகள் போய் மாநில அளவில் பரிசு வாங்கியிருக்கிறார்கள். முகாமுக்கு வந்தவர்களில் இன்றைக்கு நர்ஸ் இருக்கிறார்கள், வக்கீல் இருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கோயிலில் பார்த்தால் நின்று பேசுகிற பிள்ளைகள்.

ஆனால் எல்லாமே ஒருத்தர் தலைக்குள் இருந்தது. யாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைக்கு இளைப்பு நோய், எந்தக் கடைக்காரர் காய்கறி உபயம் தருவார், எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார் என்று எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லுவார், நாங்கள் செய்வோம். எங்களுக்கு அது சுகமாகவும் இருந்தது. யோசிக்கிற வேலை அவருடையது, தூக்குகிற வேலை எங்களுடையது.

2014-ல் வாத்தியார் ஐயா காலமானார். அந்த வருஷ முகாமை அவர் நினைவாகச் சிறப்பாக நடத்தினோம். அடுத்த வருஷமும் நடத்தினோம். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு நாங்கள் முகாம் நடத்தவில்லை, அவர் நடத்தியதை நடித்துக் காட்டினோம். அதே பாடம், அதே கதை, அதே விளையாட்டு. பிள்ளைகள் கையில் கைப்பேசி வந்துவிட்டது, கேட்கிற கேள்வி மாறிவிட்டது. "ஏன் அங்கிள் இத்தனை சாமி?" என்று கேட்டால், "அதெல்லாம் அப்படிக் கேட்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறோம். வாத்தியார் ஐயா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. 80 ஆக இருந்தது 50 ஆனது, 35 ஆனது. 2019-ல் 19 பிள்ளைகள், அதிலும் 7 பேர் எங்கள் சொந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, கோயில் கதவு சாத்தினோம். அந்த வருஷம் முகாம் இல்லை. 2021-லும் இல்லை. கொரோனாவால் முகாம் நின்றது என்று எல்லாரிடமும் சொன்னோம், கேட்டவர்களும் நம்பினார்கள். கொரோனா வந்தபோது எங்களில் பலருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறோம். நாங்களாக நிறுத்தினோம் என்ற பேர் வராமல் நின்றுவிட்டதே என்று.

கோயில்கள் திறந்தன, திருவிழா நடந்தது, தேர் ஓடியது. முகாம் மட்டும் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றே போனது. அதற்குச் சாக்கும் தயாராக இருந்தது. பள்ளித் தவணை மாறிவிட்டது. முன்பெல்லாம் நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை, ஜனவரியில் பள்ளி. 2022-ல் புதிய தவணை மார்ச்சில்தான் ஆரம்பித்தது. நீண்ட விடுமுறை பிப்ரவரி, மார்ச் பக்கம் போய்விட்டது. மார்கழியில் முன்பு போல நீண்ட விடுமுறை இல்லை. விடுமுறை வருகிற சமயத்தில் எங்களுக்குத் தைப்பூச வேலை, தண்ணீர்மலைக்குத் தண்ணீர்ப் பந்தல், அது முடிந்தால் பங்குனி உத்திரம். பெரிய பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். எந்தத் தேதியைத் தொட்டாலும் இடித்தது. தேதி இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தோம்.

2023 ஜூனில் அன்னை மங்களம் காலமானார். அந்தச் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் தூய வாழ்வுச் சங்கத்தை, பழையவர்கள் சொல்கிற சுத்த சமாஜத்தை, போர் முடிந்த சில வருஷங்களில் தொடங்கினார். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளி என்று வளர்ந்தது. 1961-ல் சுவாமி மறைந்தார். அன்னை மங்களத்துக்கு அப்போது 35 வயது பக்கம்தான். அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கு மேல் அந்த அம்மா அந்தப் பிள்ளைகளையும் அந்த இடத்தையும் காப்பாற்றினார்கள்.

குழுவில் நாங்கள் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டோம். அதற்குக் கீழே ஒரு பெண் எழுதினாள்: "அங்கிள், அங்க சுவாமி போன பிறகு 60 வருஷம் நடந்துச்சு. நம்மளோடது வாத்தியார் ஐயா போன பிறகு எத்தனை வருஷம் நடந்துச்சு?"

இவள்தான் டட்லி கதையைத் தேடிக் கொடுத்தவள். 10 வயதில் முதல்முறை முகாமுக்கு வந்தவள், இப்போது ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அன்றைக்குக் குழுவில் யாரும் பதில் போடவில்லை. சிலருக்குக் கோபம். சின்னப் பெண், பெரியவர்களை இப்படிக் கேட்கலாமா என்று.

அடுத்த மாசம் அவளும் இன்னும் 4 பழைய முகாம் பிள்ளைகளும் செயலவைக் கூட்டத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு தாளில் திட்டம் வைத்திருந்தார்கள். முகாமை அவர்கள் நடத்துகிறார்கள், நாங்கள் சமையலும் பாதுகாப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்க ஒருமணி நேரம் தனியாக வேண்டும். பாட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தோடு ரூமி எழுத்திலும் போட வேண்டும்.

கடைசியில் சொன்னதில்தான் சண்டை வந்தது. எங்களில் மூத்தவர் ஒருவர் மேசையைத் தட்டினார். "ரூமியில தேவாரமா? ழ-வுக்கும் ள-வுக்கும் ல-வுக்கும் வித்தியாசம் தெரியுமா அதுல? வாத்தியார் ஐயா இருந்தா இத விட்டிருப்பாரா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரூமியில் மூன்று லகரமும் ஒரே எழுத்துதான். ஓசை கெட்டால் ஓதுவது கெட்டது. எங்களில் அதிகம் பேர் அவர் பக்கம்தான் தலையாட்டினோம்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "மாமா, நான் தேசியப் பள்ளியில படிச்சவ. மொத வருஷம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எல்லாரும் பாடறப்போ வாய மட்டும் அசைச்சேன். ஐயா அதப் பார்த்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி இத எழுதிக் கொடுத்தாரு. மேல ரூமி, கீழ தமிழ். ரூமிய மறைச்சிட்டுப் படிக்கற அன்னைக்கு இத எங்கிட்டத் திருப்பிக் கொடுன்னு சொன்னாரு. நான் படிச்சிட்டேன், ஆனா திருப்பிக் கொடுக்க மனசு வரல."

தாள் கை மாறிக் கை மாறி வந்தது. வாத்தியார் ஐயா கையெழுத்து எங்கள் எல்லாருக்கும் தெரியும். ழ வருகிற இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். மேசையைத் தட்டியவர்தான் அந்தத் தாளை ரொம்ப நேரம் வைத்திருந்தார். "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொல்லவில்லை என்பது உண்மைதான். நாங்கள் கேட்கவில்லை என்பதும் உண்மை.

எங்களில் பலர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவர்கள். ஷிப்ட் மாறும்போது 15 நிமிஷம் இரண்டு ஷிப்ட் ஆட்களும் லைனில் சேர்ந்து நிற்போம். எந்த மிஷின் மக்கர் பண்ணுகிறது, எந்தப் பொருள் குறைகிறது, யார் எம்.சி. என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். போல்ட், நட்டு செய்கிற இடத்தில் 30 வருஷமாக அவ்வளவு ஒழுங்காக இருக்கிறோம். பிள்ளைகள் விஷயத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை. வாத்தியார் ஐயா எங்களுக்கு ஒப்படைக்கவில்லை, நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஒப்படைக்கவில்லை. நின்று போனதற்குக் காரணம் காசும் இல்லை, கொரோனாவும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஷிப்ட் முடிந்தும் மிஷினை விட்டு நகராமல் நின்றோம், அதுதான்.

2024 பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த பிறகு கிடைத்த விடுமுறையில், முகாம் மறுபடி நடந்தது. 24 பிள்ளைகள். 2025-ல் அந்த விடுமுறைக்குள்ளேயே சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் வந்துவிட்டன, ஒரே ஓர் இரவுதான் முடிந்தது. முன்பாக இருந்தால் ரத்து செய்திருப்போம். பிள்ளைகள், "ஒரு ராத்திரின்னாலும் நடத்துவோம், விட்டா மறுபடி விட்டுப் போயிடும்" என்றார்கள். 2026-ல் பள்ளித் தவணை மறுபடி ஜனவரிக்கு வந்ததால், டிசம்பர் கடைசியில் விடுமுறை கிடைத்தது. பல வருஷத்துக்குப் பிறகு மார்கழியில், திருவெம்பாவை நாட்களில் முகாம். 46 பிள்ளைகள். விடியற்காலை பாட்டு கேட்டு எதிர்வீட்டுச் சீனத்து ஆண்ட்டி மண்டபத்து வாசலில் ஒரு பெட்டி ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார்கள்.

மற்ற கோயில்களில் இருந்து எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நாங்கள் தப்புச் செய்து கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறோம்.

பொறுப்பாளர் ஒருத்தர் 2 வருஷம்தான். முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஒரு துணைப் பொறுப்பாளர் இருப்பார், அடுத்த 2 வருஷம் அவருடையது. 15 வயதுக்கு மேற்பட்ட பழைய முகாம் பிள்ளைகளை உதவியாளராகச் சேர்க்கிறோம். ஆளுக்கு 5 சின்னப் பிள்ளைகள் பொறுப்பு.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். கடை, உபயகாரர், பாத்திர எண்ணிக்கை, எந்த வகுப்பில் பிள்ளைகள் தூங்கின, எந்தக் கதையில் முழித்தன, எது சொதப்பியது என்று எல்லாம் அன்றன்று ராத்திரியே எழுத வேண்டும். பழைய பொறுப்பாளரும் புதிய பொறுப்பாளரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். கணக்கு ஒரு மாசத்துக்குள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பெற்றோர் கையெழுத்து, மருந்து விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் இல்லாமல் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ராத்திரியில் பெண்பிள்ளைகள் தங்கும் இடத்தில் 2 பெண் பொறுப்பாளர்கள் கட்டாயம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, அது செயலவைத் தலைவருக்கும் சேர்த்துத்தான்.

கைப்பேசியைப் பிடுங்குவதில்லை. ராத்திரி 8 முதல் 8.30 வரை வீட்டுக்குப் பேசலாம், மற்ற நேரம் பெட்டியில் இருக்கும். பெட்டியின் சாவி ஒரு பிள்ளையிடமே இருக்கும்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறோம், அடுத்த நாளுக்குள் கேட்டு வந்து சொல்கிறோம். "ஏன் இத்தனை சாமி" என்ற கேள்வி இந்த வருஷமும் வந்தது. அரைமணி நேரம் பேசினார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டோம், எங்களுக்கும் பாடம்.

பாட்டுத் தாளில் மேலே ரூமி, கீழே தமிழ், ழ வருகிற இடத்தில் சிவப்புக் கோடு. ரூமி வரியை மறைக்க ஓர் அட்டை கொடுக்கிறோம். கடைசி நாள் அட்டையை வைத்து ஒரு வரியாவது படித்தவர்கள் 9 பேர். தமிழே படிக்கத் தெரியாமல் வந்தவர்கள் 14 பேர். மீதி 5 பேரும் அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மேல்மாடிக் கூரை ஒழுகுகிறது. சமையலுக்கு நிற்கிற அக்காமார்களில் மூன்று பேருக்கு 65 வயது தாண்டிவிட்டது, அந்த இடத்துக்கு இன்னும் யாரும் பழகவில்லை. சமையல் குறிப்பும் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது, 50 பேர் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்று கேட்டால் "கை அளவுதான்" என்கிறார்கள். அடுத்த வேலை அதை எழுதி வாங்குவது. எங்களுக்கும் இன்னும் பழக்கம் விடவில்லை. போன முகாமில்கூட இரண்டு முறை மைக்கைப் பிடுங்கிப் பேசினோம். பொறுப்பாளர் பிள்ளை மரியாதையாகத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

மேசையைத் தட்டிய மூத்தவர் இந்த முறை தினமும் விடியற்காலை வந்து பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். சிவப்புக் கோடு போட்ட எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு மைலோ ஆறுகிறவரை சொல்லிக் கொடுத்தார். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1995 முதல் 2019 வரை நம்ம முகாமுக்கு வந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள், சமைத்தவர்கள் யாரிடமாவது பழைய படம், பெயர்ப் பட்டியல், வாத்தியார் ஐயா எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் கோயிலுக்குக் கொண்டு வாங்க. படம் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருகிறோம். நோட்டுப் புத்தகத்தின் முதல் 10 பக்கத்தை அதற்காகவே காலியாக விட்டிருக்கிறோம்.

ஆரம்பித்த வருஷத்தைக் கேட்ட அந்தத் தம்பிக்கு: 1995 டிசம்பர், தம்பி. ரசீது கோயில் ஆபீஸில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள். அடுத்த முறை யாராவது கேட்டால் நீயே சொல்லு.

திருச்சிற்றம்பலம்.